மாயக்காள் வைத்த சாந்து

குருமடம், மதுரை
2-2-1981

அன்புள்ள அக்கா மதலேனுக்கு,

நாள் குறித்துவிட்டார்கள். மே மாதம் பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை, ஆயர் கையால் எனக்குக் குருப்பட்டம். அவசர அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தால் டீச்சரம்மா மார்க்கைக் குறைத்துவிடாதே.

சந்தோஷத்தோடு ஒரு சங்கடமும் வந்திருக்கிறது. பட்டத்துக்கு முன்னால் ஊர்க் கோயிலிலிருந்து என் ஞானஸ்நானப் பதிவின் நகல் வர வேண்டும். முன்பெல்லாம் பங்குக் குருவாக இருந்த பழைய சாமி, பெயரையும் தேதியையும் மட்டும் எழுதி முத்திரை குத்தி அனுப்பிவிடுவார். புதுச் சாமி ஒழுங்கானவர். பதிவேட்டின் ஓரத்தில் அந்தக் கால வெள்ளைக்காரச் சாமி லத்தீனில் பொடி எழுத்தில் எழுதி வைத்திருந்த குறிப்பையும் விடாமல் எழுதி அனுப்பிவிட்டார். அதன் அர்த்தம் இதுதான்: "குழந்தை சாகும் தறுவாயில் பிறந்தது. வீட்டிலேயே ஞானஸ்நானம் கொடுத்தவள் மருத்துவச்சி மாயக்காள். வேதத்தில் சேராதவள். உபதேசியார் பயிற்றுவித்தவள்."

கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த உபதேசியார் என்றால் நம் அப்பாதான். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தது ஒரு சாமியார் இல்லை, ஊர் மருத்துவச்சி என்பது இருபத்தெட்டு வயதில்தான் எனக்குத் தெரிகிறது. நீங்கள் யாரும் சொல்லவே இல்லையே!

குருமட அதிபர் சாமி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். ஆபத்து வேளையில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், இந்துவும் கொடுக்கலாம், அதில் குறையில்லை. ஆனால் தண்ணீர் தலையில் ஓடியிருக்க வேண்டும். பிதா, சுதன், ஆவி என்ற மூன்று பெயரும் சொல்லியிருக்க வேண்டும். இதற்குக் கண்ணால் கண்ட சாட்சி ஒருவர் எழுதிக் கொடுத்தால் போதும். இல்லையென்றால், "நீ இதுவரை ஞானஸ்நானம் பெறாதிருந்தால்" என்று சொல்லி மறுபடியும் தண்ணீர் ஊற்றுவார்கள். அதற்கு மேலே வாங்கிய உறுதிபூசுதல் போன்றவற்றையும் அதே "இருந்தால்" போட்டு மறுபடி வாங்க வேண்டும்.

அப்பா போய் ஐந்து வருஷமாகிறது. அம்மா நான் பிறந்த அன்றே போய்விட்டாள். அந்த வீட்டில் அன்றைக்கு இருந்தது நீதான். பார்த்ததை ஒரு தாளில் எழுதி அனுப்பு, போதும். பட்டத்துக்கு முந்தைய மாதங்களில் நாங்கள் வாசலைத் தாண்டக் கூடாது, அதனால்தான் நேரில் வரவில்லை.

உன் தம்பி,
யாகப்பன்


சூசைபுரம், உசிலம்பட்டி வழி
11-2-1981

தம்பி யாகப்பனுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்ததும் உன் மச்சான் கோயிலுக்கு ஓடி மணியடித்துவிட்டார். வேளை கெட்ட வேளையில் மணியடித்தால் ஊர் என்ன நினைக்கும்? யார் செத்தது என்று கேட்டுக்கொண்டே பாதி ஊர் வந்துவிட்டது. விஷயம் தெரிந்ததும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. அப்படியே உள்ளே போய் முழங்காலிட்டார்கள். இந்த எண்பது வீட்டு ஊரிலிருந்து ஒரு சாமியா என்று எனக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது.

கோயிலில் வேறொரு சண்டை நடக்கிறது. புதுச் சாமி ஜெபத்தில் "தூய ஆவி" என்று சொல்லச் சொல்கிறார். பின்வரிசைப் பெண்கள் விடுவேனா என்று அப்பா காலத்து "இஸ்பிரீத்துசாந்து"வையே சத்தமாகச் சொல்கிறார்கள். முன்பக்கம் ஒரு கடவுள், பின்பக்கம் ஒரு கடவுள் என்று ஆகிவிட்டது. சாமி என்னைப் பார்க்கிறார், நான் கூரையைப் பார்க்கிறேன்.

நீ கேட்டது. எனக்கு அப்போது பதினோரு வயது. தண்ணீர் எடுக்கக் கிணற்றுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது நீ அழுதுகொண்டிருந்தாய். அம்மா இல்லை. அவ்வளவுதான் தெரியும். செத்தவர்களை எதற்குக் கிளற வேண்டும்? அவர்கள் சொல்கிறபடி இன்னொரு தரம் ஊற்றிக்கொள்ளேன். தலை கரைந்தா போய்விடும்?

உடம்பைப் பார்த்துக்கொள். எண்ணெய் தேய்த்துக் குளி.

அக்கா,
மதலேன்


குருமடம், மதுரை
18-2-1981

அக்காவுக்கு,

என்னை வளர்த்தவள் நீ. உன் பேச்சு எனக்குத் தெரியாதா? ஊர்க்கதை ஒரு பக்கம் எழுதினாய், நான் கேட்டதற்கு ஐந்து வரி. அந்த ஐந்து வரியில் உன் கையெழுத்தே வேறு மாதிரி இருக்கிறது. எதையோ மறைக்கிறாய்.

தலை கரையாது என்கிறாய். சரிதான், எனக்கு வேண்டியது தலை இல்லை. நான் இங்கே ஏழு வருஷமாக முழங்காலிட்டது, நற்கருணை வாங்கியது, எல்லாமே உள்ளே இருக்கிற பிள்ளையாகவா, இல்லை வாசலில் நின்ற பிள்ளையாகவா என்று தெரிய வேண்டும். "பெறாதிருந்தால்" என்று ஒரு சொல்லைத் தலையில் கட்டிக்கொண்டு நான் பீடத்தில் ஏறவா? கூடப் படிக்கிறவர்கள் இப்போதே என்னை "ஒருவேளை யாகப்பன்" என்று கேலி செய்கிறார்கள். சிரித்துக்கொள்கிறேன். அறைக்குப் போனால் சிரிப்பு வரவில்லை.

அம்மாவின் முகத்தை நான் பார்த்ததில்லை. நான் வந்ததால் அவள் போனாள். அவள் உயிரை விட்டுப் பெற்ற பிள்ளைக்கு அன்றைக்கு ஞானஸ்நானமாவது ஒழுங்காகக் கிடைத்ததா இல்லையா? எனக்கு இதைக் கேட்க உரிமை இல்லையா?

மாயக்காள் இன்னும் உயிரோடு இருக்கிறாள், பேரையூர்ப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறாள் என்று மச்சான் ஒரு தடவை சொன்னார். அவளையாவது போய்ப் பார்த்துக் கேட்டு எழுது. அதுவும் முடியாது என்றால் சொல்லிவிடு, இனி உன்னிடம் எதுவும் கேட்கமாட்டேன்.

யாகப்பன்


சூசைபுரம்
8-3-1981

தம்பிக்கு,

கோபத்தில் எழுதினாய், பரவாயில்லை. சாம்பல் புதன் கழிந்த சனிக்கிழமை உன் மச்சானோடு போய் மாயக்காளைப் பார்த்துவிட்டு வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று மைல் நடை, சோளத்தட்டை காய்கிற வெயில்.

எழுபது வயதுக்கு இன்னும் திடமாகத்தான் இருக்கிறாள். கண் மட்டும் மங்கல். மாட்டுக்குத் தீவனம் அள்ளிக்கொண்டிருந்தவள் என் குரலைக் கேட்டதும், "ஆரு, உபதேசியார் மூத்த மகளா?" என்றாள்.

"ஆமா. தம்பிக்குச் சாமிப் பட்டம் குடுக்கப் போறாக. அதான் ஒங்களப் பாத்து ஒண்ணு கேக்கணும்னு வந்தோம்."

"அந்த நீலம் பாரிச்ச பயலுக்கா! நான் உசுரு குடுத்த பயலாச்சே. எங்க அய்யா உபதேசியாரு சொன்னபடிதேன் செஞ்சேன், ஒண்ணு கொறைக்கல."

அப்பா என்ன சொல்லிக்கொடுத்தார் என்று கேட்டேன். அவள் கையைத் துடைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி நிமிர்ந்து நின்று சொன்னாள்: "ஏத்தா மாயக்கா, பிள்ளை தவறிப்போற மாதிரி இருந்துச்சின்னா தாமசிக்காத. தண்ணி விட்டு இந்தப் பேரச் சொல்லு. பிதா, சுதன், இஸ்பிரீத்து, சாந்து. அம்புட்டுத்தேன்னு சொன்னாக. பேரு மூணு, பெறகு சாந்து. எங்கிட்டதேன் கொட்டாங்கச்சியில எப்பவும் சாந்து இருக்குமே, மறப்பேனா? மூணு பேரையும் சொல்லி நெத்தியில அப்புனேன்."

எனக்குக் காது அடைத்துவிட்டது. பிள்ளைகளுக்குக் கண்ணேறு படாமல் வைக்கிற கறுப்புச் சாந்து, தம்பி. அப்பா சொன்ன வார்த்தையின் வாலை அவள் இப்படிப் பிடித்திருக்கிறாள்.

"தண்ணி ஊத்தலியா?" என்றேன்.

"ஊத்தாமயா? சாந்து காஞ்சுல்ல கெடக்கும். ஒரு சொட்டு ஊத்தித்தேன் கொழைக்கணும். அதத்தேன் அய்யா தண்ணி விடுன்னு சொன்னாக. வச்சிட்டு, வண்டி கெட்டச் சொல்லி வெளிய போயி சத்தம் குடுத்துட்டு வாரேன், பய கத்துறான்! அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு, இந்த மூணு பேருக்கும் அம்புட்டுச் சத்தி இருக்குன்னு."

அடுத்து அவள் சொன்னதை நீ நம்ப மாட்டாய். உன்னோடு அவள் நிறுத்தவில்லை. உசிலம்பட்டியிலிருந்து பேரையூர் வரை, அதற்கப்புறம் பத்தொன்பது இருபது வருஷம், மூச்சுப் பேச்சில்லாமல் விழுந்த பிள்ளை அத்தனைக்கும் அதையே செய்திருக்கிறாள். வேதக்காரப் பிள்ளை, மற்ற பிள்ளை என்று பார்க்கவில்லை.

"எத்தனை பிள்ளைக்கு?"

"அத ஆரு எண்ணுனா? கேட்ட பிள்ளை பொழச்சிருச்சு. பொழைக்காத பிள்ளையும் அந்தப் பேரக் கேட்டுக்கிட்டேதான் போச்சு. தனியாப் போகலீல்ல."

மகள் செல்லக்கிளி சிரித்தாள். "எம் மகனுக்கும் வச்சுச்சு. அவன் இப்ப கருப்பசாமிக்குக் கெடா வெட்டுறான்."

திரும்பவும் பஸ்ஸுக்கு நடந்தோம். எந்த ஊரைப் பார்த்தாலும், இங்கே எந்தப் பிள்ளை காதில் அவள் அந்தப் பெயரைச் சொன்னாளோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது. நாம் கோயிலுக்குள் நின்று தூய ஆவியா இஸ்பிரீத்துசாந்துவா என்று மல்லுக்கட்டுகிறோம். வெளியே இந்தக் காட்டிலும் மேட்டிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது.

ஆனால் உனக்கு வேண்டிய சாட்சி இதில் இல்லை. தண்ணீர் ஓடவில்லை. அவர்கள் சொல்கிறபடி செய்துகொள்.

மதலேன்


குருமடம், மதுரை
16-3-1981

அன்பு அக்கா,

முதலில் மன்னித்துக்கொள். மூன்று மைல் வெயிலில் உன்னை நடக்க வைத்தேன்.

கடிதத்தை அதிபர் சாமிக்கு வாசித்துக் காட்டினேன். சாந்து என்ற இடத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தார். 'தனியாப் போகலீல்ல' என்ற இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். பிறகு, "இந்த மறைமாவட்டத்தில் அதிகம் வேதம் போதித்தவள் யார் என்று ஆயருக்கே தெரியாது போலிருக்கிறது" என்றார். இஸ்பிரீத்துசாந்து என்பது போர்த்துக்கீசு வார்த்தையாம். கடல் தாண்டி, கரை தாண்டி, பாதிரிமார் வாய் தாண்டி வந்து, கடைசியில் ஒரு கொட்டாங்கச்சியில் தங்கியிருக்கிறது. எனக்கு அவள் காலில் விழ வேண்டும் போலிருக்கிறது.

விழுந்தாலும் என் கணக்கு நேராகவில்லை. ஒரு சொட்டில் குழைத்த சாந்து ஞானஸ்நானம் ஆகாது. அப்படியென்றால் நான் இத்தனை வருஷமும் யார் அக்கா? உயிர்ப்புத் திருநாளான பாஸ்கா முடிந்த செவ்வாய்க்கிழமை, ஏப்ரல் இருபத்தொன்று, குருமடக் கோயிலில் எனக்கு அந்த "இருந்தால்" ஞானஸ்நானம். இருபத்தெட்டு வயது ஆண்பிள்ளை, தலையைக் குனிந்து கைப்பிள்ளை மாதிரி நிற்கப் போகிறேன்.

ஞானத்தாய் ஒருத்தி வேண்டும். உன்னைத் தவிர யாரைக் கூப்பிட? என் தோளில் கை வைத்து நீ நிற்க வேண்டும். இந்தப் பிள்ளை இதுவரை ஞானஸ்நானம் பெற்றது நிச்சயமில்லைதானே என்று சாமி உன்னைக் கேட்பார், ஆமாம் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். வருவாய்தானே?

உன் தம்பி,
யாகப்பன்


சூசைபுரம்
29-3-1981

தம்பி,

ஆமாம் என்று என்னால் சொல்ல முடியாது.

பத்து நாளாக இந்தத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். கொடுத்த ஞானஸ்நானத்தை மறுபடி கொடுப்பது பாவம் என்று அப்பா படித்துப் படித்துச் சொல்வார். அதைத் தெரிந்துகொண்டே பீடத்துக்கு முன்னால் நின்று பொய் சொல்ல எனக்குத் துணிவில்லை. உண்மையைச் சொல்லவும் இத்தனை வருஷம் துணிவில்லை. இப்போது எழுதுகிறேன். வாசித்தபின் என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

நீ பிறந்த வருஷம் மழை இல்லை. கோயில் கிணற்றில் அடிப்படி வரை இறங்கி, சிரட்டையால் கோரிக் கோரித்தான் எடுக்க வேண்டும். அப்பா உபதேசியார்கள் தியானத்துக்கு மதுரை போயிருந்தார். நடுப்பகல். நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன், உள்ளே விடவில்லை. அம்மா "தண்ணி, தண்ணி" என்று கேட்பது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. மாயக்காள் வெளியே வந்து செம்பைக் கையில் திணித்து, "ஆத்தாளுக்கு நாக்கு வறளுதுடி, பச்சத்தண்ணி மோந்துட்டு ஓடியா" என்றாள். ஓடினேன். கோரக் கோரச் சேறுதான் வந்தது. தெளிய வைத்து ஒரு செம்பு சேர்க்க எவ்வளவு நேரமோ.

திரும்பி வந்தபோது மாயக்காள் தெருவில் நின்று வண்டிக்குக் கத்திக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போனேன். நீ முறத்தில் பழந்துணியில் கிடந்தாய். உடம்பெல்லாம் நாவல்பழ நிறம், நெற்றியில் பெரிய கறுப்புப் பொட்டு. அசைவில்லை, மூச்சு மட்டும் நூலாக இழைந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். செம்பைப் பார்த்தாள். "தண்ணி" என்றாள்.

ஞானோபதேச வகுப்பில் நான்தான் முதல். சாகிற பிள்ளைக்கு எப்படி ஞானஸ்நானம் கொடுப்பது என்று துணிப்பொம்மையை வைத்துச் செய்து காட்டி, அப்பா கையால் மாதா படம் பரிசு வாங்கினவள். அந்தப் பொம்மை மாதிரியே நீ கிடந்தாய். ஒரு செம்புதான் இருந்தது. அம்மா பெரியவள், இன்னொரு நடை போய் வரும்வரை பொறுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். நீ பொறுக்க மாட்டாய். உன் தலையில் ஊற்றினேன். மூன்று தரம். "யாகப்பனே, பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்துவின் நாமத்தினாலே நான் உன்னை ஞானஸ்நானம் செய்கிறேன்." ஒரு வார்த்தை பிசகவில்லை. பெயர்கூட நான் வைத்ததுதான். அன்றைக்கு ஓதின ஜெபத்தில் அந்தப் பெயர் வந்தது, அதுதான் வாயில் வந்தது, பிறகு அதையே வைக்கச் சொல்லி அப்பாவிடம் அடம்பிடித்தேன்.

செம்பு காலியாகிவிட்டது. நீ கத்தினாய். நான் அம்மா பக்கம் திரும்பினேன். அவள் கேட்பதை நிறுத்தியிருந்தாள்.

பெற்ற தாய் சாகும்போது கேட்ட தண்ணீரை, கையில் வைத்துக்கொண்டே கொடுக்காதவள் நான். எந்த வாயால் இதை அப்பாவிடம் சொல்வேன்? மாயக்காள் சாந்து வைத்ததால்தான் நீ பிழைத்தாய் என்று ஊரெல்லாம் சொன்னாள். அப்பா தான் சொல்லிக்கொடுத்தபடி அவள் செய்துவிட்டாள் என்று நினைத்துப் பங்குச் சாமியிடம் அப்படியே எழுதச் சொன்னார். நான் சும்மா இருந்துவிட்டேன். பதினான்கு வயதில் பாவசங்கீர்த்தனத்தில் மட்டும், "தாகமாயிருந்தவருக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை" என்று சொன்னேன். வெள்ளைக்காரச் சாமி, நான் யாரோ வழிப்போக்கனை விரட்டிவிட்டேன் என்று நினைத்து, மூன்று மங்கள வார்த்தை ஜெபம் சொல்லச் சொன்னார். அன்றிலிருந்து சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன்.

இந்தத் தாளைச் சாட்சியாக வைத்துக்கொள். கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். உனக்கு "இருந்தால்" வேண்டாம். நீ பிறந்த அன்றே கோயில் பிள்ளை. ஆனால் மே பத்தாம் தேதி நான் வரமாட்டேன். பட்டம் வாங்குகிற பிள்ளையைத் தாய் கையைப் பிடித்து ஆயர் முன்னால் கூட்டிப்போவாள். அந்த இடத்தில் என்னை நிற்கச் சொல்லாதே.

மதலேன்


குருமடம், மதுரை
12-4-1981, குருத்து ஞாயிறு

அக்கா,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அதிபர் சாமி எழுந்து நின்றார். எதற்கு நின்றார் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நானும் நின்றேன். பிறகு அவர், "இனி யாரும் உன் தலையில் தண்ணீர் ஊற்றப் போவதில்லை" என்றார். நான் அழுதேன். ஆயரிடம் அன்றைக்கே ஆள் போனது.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உன் செம்புதான் கண்ணுக்குள் நின்றது. உனக்கு ஆறுதலாக எழுத நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். எல்லாம் பிரசங்கமாகவே வந்தது. நீ எழுதினதில் ஒரு இடம் மட்டும் என்னை விடவில்லை. பிரசவ வீட்டில் அடுப்பில் வெந்நீர் இருந்திருக்கும். நாக்கு வறண்டவளுக்கு அதை ஆற்றி ஒரு வாய் கொடுக்க அனுபவப்பட்ட மருத்துவச்சிக்குத் தெரியாதா? அதிபர் சாமியிடம் கெஞ்சி ஒரு நாள் உத்தரவு வாங்கினேன். புதன்கிழமை மாயக்காளிடம் போனேன். மாலைக்குள் திரும்ப வேண்டியிருந்ததால் ஊருக்கு வரவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

என் தலையையும் முகத்தையும் தடவிப் பார்த்தாள். "நல்லா வளந்துட்டீக" என்றாள். நான் என் ஞானஸ்நானத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "எங்க அம்மா தண்ணி கேட்டாகளாமே, நீங்க ஒண்ணும் குடுக்கலியா?" என்று மட்டும் கேட்டேன்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"குடுக்காம இருப்பேனா சாமி? சுக்குத்தண்ணிய ஆத்தி வாய்க்கிட்ட கொண்டு போனேன். வாய இறுக்கி மூடிக்கிட்டா. வெறும் வெந்நி குடுத்தேன், டம்ளரத் தட்டிவிட்டா. தண்ணி தண்ணிங்கிறா, குடுத்தா குடிக்க மாட்டேங்கிறா. கையத் தூக்க மாட்டாமத் தூக்கி, மொறத்துல கெடந்த ஒங்க தலையக் காட்டுறா. அப்பத்தேன் எனக்கு வெளங்குச்சு, உபதேசியார் பொண்டாட்டியில்ல, சாந்து வைக்கச் சொல்றான்னு. வச்சேன். வச்ச பெறகும் தலைய ஆட்டுறா, தண்ணிங்கிறா. சரி, பச்சத்தண்ணிக்கு ஆசப்படுறா போலன்னு ஒங்க அக்காவக் கெணத்துக்கு வெரட்டுனேன். அந்தப் பிள்ளை கொண்டாறதுக்குள்ள ஒங்க ஆத்தா கண்ணு வாசப்படியிலேயே இருந்துச்சு. பாவம், குடிக்காமலே போயிட்டா."

அக்கா, இதை இன்னொரு தரம் வாசி.

அம்மா தனக்குத் தண்ணீர் கேட்கவே இல்லை. கொடுத்ததைத் தட்டிவிட்டு எனக்குக் கேட்டிருக்கிறாள். உபதேசியார் பெண்டாட்டிக்குச் சட்டம் தெரியும். கையில் தெம்பில்லை, பக்கத்தில் இருந்தவளுக்குப் புரியவில்லை. சாந்தைப் பார்த்து, இது இல்லை இது இல்லை என்று தலையாட்டியிருக்கிறாள். அந்த வீட்டில் அவள் சொன்ன ஒரே சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தோ தெரியாமலோ, அவள் கேட்டதை அப்படியே செய்தது நீ ஒருத்திதான். நீ ஊற்றினாய், நான் அழுதேன், அவள் கேட்பதை நிறுத்தினாள். ஏன் நிறுத்தினாள்? அதற்குமேல் அவளுக்குக் கேட்க ஒன்றும் இல்லை.

பஸ்ஸில் இதை நினைத்ததும் எனக்கு எழுந்து நிற்க வேண்டும் போலாகிவிட்டது. உசிலம்பட்டி சந்தைக் கூட்டம், கோழிக் கூடை, கண்டக்டர் சத்தம். நடுவில் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயமாக இருந்தது அக்கா. நல்ல பயம். ஏழு வருஷம் புத்தகத்தில் கடவுளைத் தேடியிருக்கிறேன். அவர் ஒரு சேற்றுக் கிணற்றடியில் பதினோரு வயதுப் பிள்ளை தண்ணீர் தெளியக் காத்திருந்த நேரத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

பதிவேட்டைத் திருத்த ஆயர் உத்தரவு கொடுத்துவிட்டார். நம் கோயிலில் புதுச் சாமி இந்நேரம் எழுதியிருப்பார், போய்ப் பார். "ஞானஸ்நானம் கொடுத்தவர்: மதலேன், வயது பதினொன்று." அதற்குக் கீழே சாட்சி என்று ஒரு இடம் உண்டு. யார் பெயரை எழுதுவது என்று அதிபர் சாமி கேட்டார். அம்மா பெயரைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

யாகப்பன்


சூசைபுரம்
20-4-1981

யாகப்பனுக்கு,

பாஸ்கா நல்லபடியாக முடிந்தது. பின்வரிசைப் பெண்களும் புதுச் சாமியும் ராசியாகிவிட்டார்கள், இரண்டு வார்த்தையையும் சேர்த்தே சொல்லிக்கொள்ளலாம் என்று.

பதிவேட்டைப் பார்த்தேன். அம்மா பெயரும் என் பெயரும் ஒரே மையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. சாமி விரலை வைத்துக் காட்டினார், எனக்குத்தான் எழுத்து தெரியவில்லை, கண்ணீர் மறைத்துவிட்டது.

மே பத்தாம் தேதி முதல் பஸ்ஸுக்கு வாரேன். உன் மச்சான் எனக்கு வெள்ளைச் சேலை எடுத்துவிட்டார். ஆயர் முன்னால் உன் கையைப் பிடித்து நான் கூட்டிப்போகிறேன். மாயக்காளையும் செல்லக்கிளியையும் அழைத்து வருகிறோம், முன்வரிசையில் இடம் பிடித்து வை. வேதத்தில் சேராதவர்கள் என்று யாராவது முணுமுணுத்தால் என்னிடம் அனுப்பு.

ஒன்று உன்னிடம் சொல்ல வேண்டும், உன் மச்சானுக்குக்கூடத் தெரியாது. அம்மா போன நாளிலிருந்து நான் எப்போது தண்ணீர் குடித்தாலும், முதலில் ஒரு வாய் அவளுக்கென்று தரையில் ஊற்றிவிட்டுத்தான் குடிப்பேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பார்த்துவிட்டு, டீச்சருக்குக் கை நடுக்கம் என்று பேசிக்கொள்ளும். உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்துவிட்டு எழுந்து போய், பானையிலிருந்து ஒரு செம்பு மொண்டேன். கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு முழுவதையும் நானே குடித்தேன்.

அக்கா,
மதலேன்